யோகம்: கேட்டவையும் பதில்களும்

சூரிய நமஸ்காரம் பதஞ்சலி சொன்னதுதானே சார்?

இல்லைங்க. பதஞ்சலி எழுதிய யோக சூத்திரத்தில் உள்ள சுமார் 195 சூத்திரங்களில் ஆசனத்துக்கு மூன்றுதான். அசையாமல், சுகமாக உட்கார முடிந்தால் போதும் என்கிறார். ஓர் ஆசனத்தின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. பெயர்களெல்லாம் அந்த நூலுக்கு வியாசர் எழுதிய உரையில்தான் வருகின்றன. 15ஆம் நூற்றாண்டின் யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையிலும் 15 ஆசனங்கள்தான், சூரிய நமஸ்காரம் இல்லை. இன்றைய வடிவத்தைப் பரவலாக்கியதில் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்து அவுந்த் சமஸ்தான அரசருக்குப் பெரும் பங்கு உண்டு. உடம்புக்கு நல்லது, தாராளமாகச் செய்யுங்கள். பதஞ்சலி தலையில் மட்டும் கட்ட வேண்டாம்.

திருமந்திரம் சொல்வதும் அதே யோகம்தானா ஐயா?

பாதை ஒன்று, போய்ச்சேரும் இடம் வேறு. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் (மூன்றாம் பகுதியில்), இயமம், நியமம், ஆசனம் என்று தொடங்கிச் சமாதியில் முடியும் பதஞ்சலியின் அதே எட்டு உறுப்புகளைத்தான் விரிக்கிறார். ஆனால் முதல் உறுப்பான இயமத்தை, அதாவது தீயவற்றை விலக்கும் ஒழுக்கத்தைப் பாருங்கள். பதஞ்சலிக்கு ஐந்து: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரம்மசரியம், பிறர் பொருளை ஏற்காமை. திருமூலரின் பட்டியலில் நடுவுநிலைமை இருக்கிறது, கள் உண்ணாமை இருக்கிறது, பகுத்து உண்பதும் இருக்கிறது! தனியாகச் சாப்பிடுபவன் முதற்படியிலேயே நின்றுவிடுகிறான். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். அடுத்த உறுப்பான நியமத்தில், அதாவது கடைப்பிடிக்க வேண்டியவற்றில், சிவபூசையும் சித்தாந்தம் கேட்பதும் சேர்கின்றன. முடிவில்தான் இருவரும் பிரிகிறார்கள். பதஞ்சலியிடம் புருஷன், அதாவது ஆன்மா, பிரகிருதி என்ற ஜட இயற்கையிலிருந்து விலகித் தனித்து நிற்பதே கைவல்யம், அதாவது விடுதலை. திருமூலருக்குத் தனித்து நின்று ஆவதொன்றுமில்லை, சிவத்தோடு கூட வேண்டும். "எல்லாம் ஒன்றுதான்" என்று மேடையில் சொல்பவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

மூச்சுப் பயிற்சியில் 16 எண்ணிக்கை உள்ளே, 64 நிறுத்தம், 32 வெளியே. புத்தகம் பார்த்துச் செய்யலாமா? எனக்கு பிரஷர் உண்டு.

வேண்டவே வேண்டாம். திருமந்திரத்தில் அந்தக் கணக்கு உண்டு. இயமம், நியமம், ஆசனம் எல்லாம் கடந்து வந்தவனுக்கு அது. உங்களுக்கு மூச்சை நிறுத்தும் பயிற்சியே கூடாது. மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மற்றதை டாக்டரிடமும் நேரில் சொல்லித்தரும் ஆசிரியரிடமும் கேளுங்கள்.

சித்திகள் எனும் அபூர்வ சக்திகள் உண்மையா?

யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் (பகுதியில்) நீண்ட பட்டியல் இருக்கிறது. அதே பாதத்தில், இவை சமாதிக்கு இடையூறு என்றும் பதஞ்சலி எழுதியிருக்கிறார். பட்டியலைக் காட்டிக் காசு கேட்பவர் அந்த வரியைக் காட்ட மாட்டார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. யோகம் செய்யலாமா?

செய்யலாம். பதஞ்சலி ஏற்கும் சாங்கியம் என்ற தத்துவ மரபில், ஈசுவரகிருஷ்ணரின் காரிகை என்ற நூல் 25 தத்துவங்களை, அதாவது அடிப்படைக் கூறுகளை எண்ணுகிறது. அதில் ஈசுவரன் இல்லை. பதஞ்சலி ஈசுவரனைச் சேர்த்தார், ஆனால் உலகைப் படைத்தவனாக அல்ல, துன்பமும் வினையும் தொடாத தனிப் புருஷனாக. முதல் பாதத்தில் அவனிடம் சரணடைவதை "அல்லது இப்படியும்" என்றுதான் வைக்கிறார். பயிற்சியும் பற்றின்மையும் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். திருமூலரிடம் போனால் மட்டும் இந்தச் சலுகை கிடைக்காது.

சிதம்பரத்தில் சிவனின் நடனம் கண்ட பதஞ்சலியும் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியும் ஒருவரா?

மரபு அப்படித்தான் சொல்கிறது, மகாபாஷ்யம் என்ற சமஸ்கிருத இலக்கண உரை எழுதிய பதஞ்சலியையும் சேர்த்தே. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அந்த இலக்கணக்காரரும் யோக சூத்திரக்காரரும் வேறு வேறு ஆட்கள் என்கிறார்கள், இடையே சில நூற்றாண்டுகள் இருக்கும். தில்லைக்குப் போகும்போது மரபை வைத்துக்கொள்ளுங்கள், நூலைப் படிக்கும்போது ஆய்வாளர்களை.