சிங்கப்பூரில் இரண்டு ராத்திரி தங்க எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: கோபி பக்கம் மஞ்சள், வாழை பண்ணையம். மகள் பிரசவத்துக்கு நானும் வீட்டுக்காரரும் மெல்போர்ன் போகிறோம். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக, அங்கே இரண்டு ராத்திரி இடைவெளி விட்டு டிக்கெட் எடுத்தாயிற்று. அந்த இரண்டு நாளுக்கு ஏஜென்ட் 95,000 ரூபாய் பேக்கேஜ் சொல்கிறார். மஞ்சள் விற்றதில் கையில் 60,000 இருக்கிறது. டிசம்பரில் முடிகிற எஃப்டியை உடைக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? பேரனுக்குக் காப்பு அங்கேயே வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாங்க அக்கா. ஊர் சுற்ற நகை அடகுக் கடைப் படியேறக் கூடாது, எஃப்டியை முன்கூட்டி எடுத்தால் வட்டியில் பிடிப்பார்கள். கையில் இருக்கிற 60,000 போதும், பேக்கேஜை விட்டால்.

கணக்குப் போடுவோம். ஒரு வெள்ளி (டாலரை அங்குள்ள தமிழர்கள் இப்படித்தான் சொல்வார்கள்) 70 ரூபாய் என்று வையுங்கள். லிட்டில் இந்தியாவில் சாதாரண அறை இரண்டு ராத்திரிக்கு 300, இரண்டு பேர் சாப்பாட்டுக்கு 100, ரயிலுக்கும் டாக்சிக்கும் 40, நுழைவுச் சீட்டுக்கும் கைச்செலவுக்கும் 130 என்றால் 570 வெள்ளி, சுமார் 40,000 ரூபாய். அறைக்குப் பக்கத்திலேயே டெக்கா சென்டரில் தோசையும் டீயும் கிடைக்கும். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் ராட்சத மரங்களுக்குக் கீழே நின்று பார்க்கிற விளக்குக் காட்சிக்கும், சாங்கி ஏர்போர்ட்டை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுகிற அருவிக்கும் காசே கிடையாது. பூங்காவின் கண்ணாடிக் கூடங்களுக்குள் போக டிக்கெட் வாங்க வேண்டும். ரயிலில் சில அறிவிப்புகள் தமிழிலும் வரும்.

பேக்கேஜில் விசாவுக்கென்று தனியாகப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். செல்லுபடியான ஆஸ்திரேலிய விசாவும் அடுத்த விமான டிக்கெட்டும் இருந்தால், இந்தியர்கள் 96 மணி நேரம் வரை சிங்கப்பூர் விசா இல்லாமலே தங்கலாம். அனுமதிப்பது அங்குள்ள அதிகாரி கையில்தான், அதனால் விசா ஒப்புதல் கடிதத்தின் பிரிண்ட் கைப்பையில் இருக்கட்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை (எஸ்ஜி அரைவல் கார்டு) அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். காசு கேட்கிற இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். அப்புறம், மாமாவுக்கு வாயில் போடுகிற புகையிலைப் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், அங்கே தடை.

கிரெடிட் கார்டில் 40,000 தேய்த்தால், வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் பிடிக்கிற கார்டில் 1,400 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252, ஆக 1,652 சும்மா போகும். ஃபாரெக்ஸ் கார்டு (முன்கூட்டியே வெள்ளியை ஏற்றிக்கொள்கிற கார்டு) போடுங்கள். கடை மெஷினில் ரூபாயா வெள்ளியா என்று கேட்டால் வெள்ளியைத் தொடுங்கள், ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்திலேயே கறந்துவிடுவார்கள்.

காப்பை கோபியிலேயே, பழகின கடையில் வாங்குங்கள். இங்கே நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், அங்கே 9. சுற்றுலாப் பயணிக்குத் திரும்பத் தருவார்கள் என்றாலும், அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கி, ஏர்போர்ட்டில் பதிந்து, சேவைக் கட்டணம் போக மீதியைத்தான் வாங்க முடியும். திரும்பி வரும்போது உங்களுக்கு ஒரு செயின் என்று ஆசை இருந்தால், தீர்வையில்லாமல் நகை கொண்டுவருகிற சலுகை வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும்தான்.

மிச்சமாகிற 20,000-ஐ முதலில் பயணக் காப்பீட்டில் போடுங்கள். மெல்போர்னில் எத்தனை மாதமோ அத்தனைக்கும், சிங்கப்பூர் நாட்களையும் சேர்த்து, இருவருக்கும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், க்ளெய்ம் அங்கேதான் அடிபடும்.