வாண்டா டெசலேட்டா, வாண்டா ராக்ஸ்பர்கி: இரண்டும் வேறு வேறு செடிகளா?

ஒரே செடிதான். நம் சமவெளி மாமரங்களிலும் தொற்றி வளரும் அந்த வாசனை ஆர்க்கிட். பழைய மூலிகை நூல்களில் வாண்டா ராக்ஸ்பர்கி என்று இருக்கும். இப்போது ஏற்கப்பட்ட பெயர் வாண்டா டெசலேட்டா.

தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-இல், சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தன் நூலில் இதை எபிடென்ட்ரம் டெசலேட்டம் என்று வெளியிட்டார். அந்தக் காலத்தில் மரத்தில் தொற்றும் ஆர்க்கிட் என்றாலே எபிடென்ட்ரம் என்ற பேரினத்தில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வனிலாவைக்கூட லின்னேயஸ் அங்கேதான் வைத்திருந்தார். 1820-இல் ராபர்ட் பிரவுன் வாண்டா என்ற பேரினத்தை முறைப்படி வெளியிட்டு, இதை அதில் சேர்த்தார். அத்தோடு நிற்காமல் ராக்ஸ்பர்க் நினைவாக வாண்டா ராக்ஸ்பர்கி என்று புதுப்பெயரும் சூட்டிவிட்டார். நல்ல மனசுதான், ஆனால் இன்றைய விதிப்படி பேரினம் மாறினாலும் முதலில் வைத்த சிற்றினப் பெயர் கூடவே வர வேண்டும். பிரவுனையும் குறை சொல்ல முடியாது, தாவரப் பெயரிடலுக்குச் சர்வதேச விதிகள் உருவானதே 1867-இல்தான்.

நூல்களில் பெயருக்குப் பின்னால் '(ராக்ஸ்ப்.) ஹுக். எக்ஸ் ஜி.டான்' என்று ஒரு வால் இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பவர் முதலில் பெயர் வைத்தவர். ஹுக்கர் முன்மொழிந்த வாண்டா டெசலேட்டா என்ற புதுச் சேர்க்கையை 1830-இல் அச்சேற்றியவர் ஜார்ஜ் டான். செடியின் வரலாறு முழுக்க அந்த வாலில் இருக்கிறது, நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

டெசலேட்டா என்றால் கட்டம் கட்டமானது. பூவைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் புரியும்: மஞ்சள் கலந்த பச்சை இதழ்களில் பழுப்புக் கோடுகள் வலைபோல ஓடும். இதழின் பின்புறம் வெள்ளை, நடுவிலுள்ள உதடு ஊதா. நிறம் செடிக்குச் செடி மாறும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி அடையாளம் சொல்லாதீர்கள்.

அப்புறம், வாண்டா என்பது சமஸ்கிருதத்தின் 'வந்தாக' என்பதிலிருந்து சமஸ்கிருத அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் எடுத்த பெயர். அந்தச் சொல் புல்லுருவிக்கும் வழங்கியது. அதனாலோ என்னவோ, இதுவும் மரத்தை உறிஞ்சும் என்று பலர் பிடுங்கிப் போடுகிறார்கள். இதன் வேர் பட்டையைத் துளைப்பதே இல்லை. மேலே ஒட்டிக்கொண்டு, மழைநீரையும் அதில் கரைந்து வரும் சத்தையும் பஞ்சு போன்ற உறையால் இழுத்துக்கொள்ளும். காய்ந்த வேரில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சாம்பல் நிறம் போய்ப் பச்சை தெரியும்.