ஐஸ் கடல்ல ஓடுற கப்பல்ல வைப்பர் (இன்ஜின் ரூம்ல துடைச்சு சுத்தம் பண்ற ஆள்) வேலை வந்திருக்கு, டைட்டானிக் மாதிரி ஆயிடுமோன்னு வீட்ல பயப்படுறாங்க, போலாமா?

போலாம் தம்பி. டைட்டானிக்க விடச் சொல்லு வீட்ல. பெரிய ஐஸ் மலை ராடார்ல பெரும்பாலும் தெரிஞ்சிரும், க்ரவுலர்னு சொல்ற துண்டு தான் மோசம், தண்ணிக்கு மேல ஒரு மீட்டர் கூட தலை காட்டாது, அலையில ராடாருக்கு சிக்காது. ஆனா அது மேல நின்னு கப்பல ஓட்டுற பிரிட்ஜ்காரங்க கவலை. நமக்கு எமன் கீழ இன்ஜின் ரூம்ல இருக்கான்.

நான் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) ஆளு. அப்பாவோட படகு முகத்துவாரத்துல பாலிதீன் கவர உறிஞ்சி, தண்ணி ஏறாம இன்ஜின் சூடாகி நிக்கும், அவரே குதிச்சு பிடுங்கிட்டு ஏறுவாரு. அதே கதைய பின்லாந்து பக்கம் போத்னியா வளைகுடாவுல பார்ப்பேன்னு நினைக்கல. (இது பால்டிக் கடல், துருவக் கடல் கப்பலுக்கான விதி போலார் கோடு, அதுல இது வராதேன்னு ஒருத்தர் கமெண்ட்ல வருவாரு. வராது சார், தெரியும். ஐஸ் ஒண்ணு தான்.)

நைட்டு ரெண்டு மணி, ஐஸ்பிரேக்கர் உடைச்ச வழியில பின்னாடியே போறோம், ஜெனரேட்டர் கூலிங் அலாரம் அடிக்குது. கடல் தண்ணிய வடிகட்டுற ஸ்ட்ரெய்னர திறந்தா உள்ள கொழகொழன்னு ஐஸ், தள்ளுவண்டியில சீவிக் குடுப்பானே அதே மாதிரி. வாளி வாளியா அள்றேன், ஒண்ண காலி பண்றதுக்குள்ள அடுத்தது அடைக்குது. வெளிய மைனஸ் 20, உள்ள இன்ஜின் வேகுது, இத யாருகிட்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க.

டிசைன்லயே இதுக்கு வழி இருக்கு. கடல் தண்ணி எடுக்குற சீ செஸ்ட்ங்கிற பெட்டிய உயரமா கட்டுவாங்க, ஐஸ் மேல மிதந்துரும், பம்ப் அடியில இருந்து உறிஞ்சும். இன்ஜின சுத்தி சூடான தண்ணிய வெளிய கொட்டாம ஒரு பைப்ல திருப்பி அந்த பெட்டிக்கே விட்டா ஐஸ் கரைஞ்சிரும். எங்க கப்பல்லயும் பைப் இருந்துச்சு, வால்வு தான் திரும்பல. ரெண்டு வருஷமா வெயில் கடல்லயே ஓடினதால யாரும் தொடல, மாசாமாசம் செக் பண்ணியாச்சுன்னு டிக் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். செகண்ட் இன்ஜினியர் பேசின பேச்ச இங்க எழுத முடியாது. பைப் ரென்ச்ச மாட்டி மூணு பேரு தொங்கி ஒரு வழியா திறந்தோம்.

நிஜ துருவக் கடல்னா போலார் கோடு, 2017 ஜனவரில இருந்து அமல். உதவி வர லேட்டாகும்னு குறைஞ்சது 5 நாள் தாங்குற மாதிரி உயிர்காக்கும் சாமான் வச்சிருக்கணும். 2007ல எக்ஸ்ப்ளோரர்னு ஒரு டூரிஸ்ட் கப்பல் அன்டார்டிகா பக்கம் முழுகினப்ப 154 பேரும் பொழைச்சாங்க, சில மணி நேரத்துல வேற கப்பல் வந்துச்சு, கடலும் அமைதியா இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படி அமையாது.

ஆமா, ஏஜெண்டுக்கு எவ்ளோ குடுத்த? என்கிட்ட ஒருத்தன் ரெண்டரை லட்சம் வாங்கிட்டு ஏழு மாசம் அலைய விட்டான், அம்மா வளையல் அதுல போனது தான், இன்னும் மீட்கல. பனியில பட்டது கூட மறந்துருச்சு, அது மறக்கல.

ஜாயின் பண்ண மொத வாரமே சூடு தண்ணிய திருப்பி விடுற அந்த ரீசர்குலேஷன் வால்வு எங்கனு கேட்டு முழுசா ஒரு தடவ திறந்து மூடிப் பாரு, கிரீஸ் போடு. டிக் அப்புறமா போட்டுக்கலாம்.