புதிதாக வாங்கிய ஸ்னோ ப்ளோயரை எப்படித் தயார் செய்வது, ஆபத்தில்லாமல் எப்படி ஓட்டுவது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: ஒன்டாரியோவின் பிராம்ப்டனில் புது வீடு, இரண்டு கார் அகலத்துக்கு டிரைவ்வே, 24 அங்குல இரண்டு கட்ட பெட்ரோல் ஸ்னோ ப்ளோயர் (பனியை அள்ளித் தூர எறியும் இயந்திரம்) வாங்கிப் பெட்டியோடு கராஜில் இருக்கிறது, இதுவரை ஷவல் பிடித்துத்தான் பழக்கம். 14 வயது மகன் ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மகன் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த இயந்திரத்தில் பெரிய காயம் வரும் வழி பெரும்பாலும் ஒன்றே ஒன்று. பனி வெளியேறும் குழாய் அடைத்துக்கொள்ளும், அவசரத்தில் கையை விட்டு எடுக்கப் போவார்கள். விரல் போய்விடும். அதனால் தயார் செய்வது தனி, பாதுகாப்பு தனி என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. குழாய் அடைக்காதபடி இயந்திரத்தை வைத்திருந்தால், கை வைக்கும் சந்தர்ப்பமே குறைந்துவிடும். கீழே சொல்வதில் பாதி இதற்காகத்தான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் மெதுவாகச் சுழலும் திருகு அலகுக்குப் பெயர் ஆகர். அது பனியை வெட்டி நடுவில் சேர்க்கிறது. அதற்குப் பின்னால், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில், இம்பெல்லர் என்ற விசிறி வேகமாகச் சுழன்று அந்தப் பனியை மேலே நீட்டியிருக்கும் வளைந்த குழாய் வழியாகத் தூக்கி எறிகிறது. அந்தக் குழாய்தான் ஷூட். இரண்டு கட்டம் என்பது இந்த இரண்டைத்தான். எல்லோரும் முன்னால் தெரியும் ஆகரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஷூட்டுக்குள் கைவிடுகிறவரின் விரலைப் பிடிப்பதோ பின்னால் ஒளிந்திருக்கும் இம்பெல்லர். (1925-இல் கியூபெக்கின் ஆர்தர் சிகார் உருவாக்கிய முதல் ஸ்னோ ப்ளோயர் லாரி மேல் ஏற்றிய பெரிய சமாச்சாரம். பின்னால் நடந்தே தள்ளும் இந்தச் சின்ன வகை அப்புறம் வந்தது.)

பெட்டியைப் பிரித்ததும் கைப்பிடியையும் ஷூட்டையும் கையேட்டில் உள்ளபடி பொருத்துங்கள். போல்ட்டுகளை முதலில் விரலால் முடுக்கி, எல்லாம் நேராக உட்கார்ந்த பிறகு ஸ்பேனர் போடுங்கள். அப்புறம் இன்ஜின் ஆயில். புது இயந்திரங்கள் பல ஆயில் இல்லாமலேயே வருகின்றன. சிலவற்றில் ஊற்றித் தருவார்கள், ஆனாலும் நம்பாதீர்கள். சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பாருங்கள். குளிர்கால இன்ஜின்களுக்குப் பொதுவாக 5டபிள்யூ-30 சொல்வார்கள், உங்கள் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை ஒருமுறை மாற்றச் சொல்லியிருப்பார்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

பெட்ரோலைச் சின்ன கேனில் கொஞ்சமாக வாங்குங்கள். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன, பம்ப்பில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு நிரப்புங்கள். கேனைக் கார் டிக்கியில் வைத்தபடியே நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும், நிலைமின்சாரப் பொறி ஆபத்து உண்டு. பெட்ரோல் கெட்டுப்போகாமல் வைத்திருக்கும் ஃப்யூயல் ஸ்டெபிலைசரை வாங்கிய அன்றே கலந்துவிட்டால் நல்லது. டிசம்பரில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் நோய், போன வருடத்துப் பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாக ஒட்டியிருப்பதுதான். இயந்திரத்தின் டேங்கைக் கராஜுக்கு வெளியே, இன்ஜின் ஆறிய பிறகு நிரப்புங்கள்.

அடுத்து, யாரும் கவனிக்காத ஸ்கிட் ஷூ. ஆகர் பெட்டியின் இரு பக்கமும் கீழே வழுக்கிக்கொண்டு போகும் இரும்புத் துண்டுகள் அவை. அடியில் இருக்கும் ஸ்கிரேப்பர் பட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. தார் அல்லது கான்கிரீட் டிரைவ்வேக்குச் சுமார் 3 மி.மீ. போதும். அந்தக் கனத்தில் இரண்டு மரச் சீவல்களைப் பட்டைக்கு அடியில் இரு ஓரத்திலும் வைத்துவிட்டு, ஸ்கிட் ஷூக்களைத் தரையில் தொடும்வரை இறக்கி முடுக்கினால் வேலை முடிந்தது. இன்டர்லாக் கல் பதித்த இடமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தூக்கி வையுங்கள், ஒரு கல் விளிம்பு உயர்ந்திருந்தாலும் பட்டை அதில் போய் முட்டும். சரளைக் கல் என்றால் நன்றாகவே தூக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லும் பனியோடு சேர்ந்து ஷூட் வழியாகப் பறக்கும், அது பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடியோடு நின்றால் அதிர்ஷ்டம்தான்.

இரண்டு டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், கூடக்குறைய இருந்தால் இயந்திரம் ஒரு பக்கமாகவே இழுக்கும். பிறகு ஷியர் பின். ஆகரைத் தண்டோடு பிணைக்கும் இந்தச் சின்ன ஊசி, கல்லோ ஐஸ் கட்டியோ மாட்டினால் தான் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும், வீட்டு ஃபியூஸ் மாதிரி. உடைந்தால் கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போடாதீர்கள். அது உடையாது, கியர்பாக்ஸ்தான் உடையும், அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் புது இயந்திரமே வாங்கிவிடலாம் என்று தோன்றும். உங்கள் மாடலுக்கான பின்னை ஒரு பாக்கெட் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். புயல் அறிவித்த அன்று கடைகளில் அது இருக்காது.

கைப்பிடியில் இரண்டு லீவர்கள் இருக்கும். ஒன்று சக்கரத்தை ஓட்டும், மற்றது ஆகரைச் சுழற்றும். எது எந்தக் கையில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பனி விழாத ஒரு நாளில் காலி இடத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆகர் லீவரை விட்டதும் சில நொடிகளில் எல்லாம் நின்றுவிட வேண்டும். 5 நொடியைத் தாண்டியும் சுற்றிக்கொண்டே இருந்தால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யாமல் பனியில் இறங்காதீர்கள். சில மாடல்களில் இரண்டு லீவரையும் சேர்த்து அழுத்தினால் ஒன்று பூட்டிக்கொள்ளும், ஒரு கை சும்மா இருப்பதால் ஷூட்டைத் திருப்பலாம். வசதிதான், ஆனால் அப்போது எந்த லீவரை விட்டால் என்ன நிற்கும் என்பது உங்களுக்கு யோசிக்காமலே தெரிந்திருக்க வேண்டும். லீவரை எப்போதும் கீழே பிடித்திருக்கும்படி கயிறு கட்டும் கெட்டிக்காரத்தனத்தைச் சிலரிடம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பனிக்காலத்துக்கு முன்னால் ஷூட்டின் உட்புறத்திலும் ஆகர் பெட்டியிலும் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள், ஈரப் பனி ஒட்டுவது குறையும். டிரைவ்வே ஓரங்களில் குச்சி நடுங்கள். மிதியடி, தோட்டத்து ஹோஸ், கிறிஸ்துமஸ் விளக்கு ஒயர், பனியில் புதைந்துவிடும் இலவசச் செய்தித்தாள் எல்லாவற்றையும் புயலுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

சரி, பனி விழுந்துவிட்டது. இயந்திரத்தைக் கராஜுக்கு வெளியே தள்ளி வந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கதவு திறந்துதானே இருக்கிறது என்று உள்ளே ஓடவிடக் கூடாது. இன்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, கராஜிலிருந்து வீட்டுக்குள் புகுந்துவிடும். கரண்ட் ஸ்டார்ட்டர் இருந்தால், ஒயரை முதலில் இயந்திரத்தில் செருகி அப்புறம் சுவரில் செருகுங்கள், எடுக்கும்போது சுவரிலிருந்து முதலில். கதகதப்பான கராஜில் இருந்த இயந்திரம் என்றால் வெளியே சில நிமிடம் குளிரவிடுங்கள், சூடான இரும்பில் பனி உருகி ஒட்டிப் பிறகு ஐஸாக இறுகி, அடைப்பு அங்கேயே தொடங்கிவிடும். மஃப்ளர், சால்வை, தொங்கும் ஜாக்கெட் நாடா எல்லாவற்றையும் உள்ளே செருகிக்கொள்ளுங்கள். கண்ணாடியும் காது மூடியும் போடுங்கள், வழுக்காத பூட்ஸ் கட்டாயம்.

ஓட்டும்போது புதியவர்கள் எல்லோரும் தலைகீழாகச் செய்வது ஒன்று உண்டு. பயந்து இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டுச் சக்கரத்தை வேகமாக விடுவார்கள். இருக்க வேண்டியதோ நேர் எதிர்: த்ராட்டில் முழுசாக, நடை மெதுவாக. இம்பெல்லர் முழு வேகத்தில் சுற்றினால்தான் பனி தூரமாகப் போகும், குழாயில் தங்காது. பனி கனமாக இருந்தால் முழு அகலத்துக்கும் வாய் வைக்காமல் பாதி அகலத்துக்கு மட்டும் எடுங்கள். நடுவில் தொடங்கி இரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டே போங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமே எறியுங்கள். சரிவாக இருந்தால் மேலும் கீழுமாகத்தான், குறுக்கே கூடாது. பின்னால் எடுக்கும்போது ஒரு கண் முதுகுப் பக்கம் இருக்கட்டும், சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது சுலபம்.

பெரிய புயலில் மொத்தமும் விழுந்து முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2022 ஜனவரி 17 அன்று டொரொன்டோவில் சில இடங்களில் அரை மீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் இடையிடையே இரண்டு மூன்று முறை எடுத்தால்தான் இயந்திரம் தாங்கும், உங்கள் முதுகும் தாங்கும்.

எங்கே எறிகிறீர்கள் என்பதும் முக்கியம். கேஸ் மீட்டர், டிரையர் காற்று வெளியேறும் துளை, ஃபர்னஸ் குழாய் இவற்றின் மேல் பனியைக் குவிக்கக் கூடாது. ரோட்டிலும் தள்ளக் கூடாது, அனுமதி இல்லாமல் சாலையில் பனியைப் போடுவதை ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181-ஆம் பிரிவே தடை செய்கிறது. பக்கத்து வீட்டு டிரைவ்வேயைப் பற்றிச் சட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மே மாதம் வேலி ஓரமாக முகம் பார்த்துப் பேச வேண்டியிருக்கும் என்பது போதும்.

எல்லாவற்றிலும் மோசமான இடம் டிரைவ்வேயின் வாசல். மாநகராட்சி வண்டி ரோட்டைத் தள்ளிப்போன பிறகு அங்கே ஒரு கரை நிற்கும், உப்பும் அழுக்கும் ஐஸ் கட்டியுமாக. இயந்திரம் அடைப்பதும் ஷியர் பின் உடைவதும் அதிகம் அங்கேதான். பெரிய கட்டிகளை ஷவலால் உடைத்துவிட்டு, மிக மெதுவான கியருக்கு இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுங்கள். வண்டிகள் வரும் பக்கம் முதுகைக் காட்டி நிற்காதீர்கள், காது மூடியோடு ஹாரன் கேட்காது.

இனி அடைப்பு. அமெரிக்கக் கை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் சங்கம் சொல்லும் வழக்கமான விபத்து நாள் இப்படி: கனமான ஈரப் பனி, 6 அங்குலத்துக்கு மேல் குவியல், வெப்பம் மைனஸ் 2 டிகிரிக்கு மேல். பொடிப் பனியை விட ஈரப் பனிதான் ஷூட்டில் ஒட்டும் என்பதால் இது ஆச்சரியமில்லை. நம் ஊரில் மார்ச் மாதப் பனி பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அடைத்ததும் லீவர்களை விடுங்கள், இன்ஜினை அணையுங்கள், சாவியை உருவிப் பையில் போடுங்கள், எல்லாம் நின்றுவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஆகர் பெட்டியோடு மாட்டித் தந்திருக்கும் பிளாஸ்டிக் கரண்டியால் மட்டும் கிளறுங்கள், அது உடைந்து போயிருந்தால் துடைப்பக் கட்டை. இன்ஜின் அணைந்த பிறகும் கை வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அடைபட்டு நின்ற அலகில் பெல்ட்டின் இழுவிசை தங்கியிருக்கும், பனி விலகிய நொடியில் அது ஒரு துள்ளு துள்ளும். கையுறை காப்பாற்றாது, அது மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். காலால் உதைப்பதும் அதே கணக்குத்தான். ஷியர் பின் மாற்றுவது போல ஆகருக்கு அருகில் வேலை இருந்தால் ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஆகரை ஒரு நிமிடம் சும்மா சுழலவிட்டால் உள்ளே ஒட்டிய பனி உதிர்ந்துவிடும், இரவில் உறைந்து இறுகாது. இன்ஜின் ஆறிய பிறகு உள்ளே தள்ளி, பெட்ரோல் வால்வை மூடுங்கள். ஏப்ரலில் டேங்கைக் காலியாக்குங்கள் அல்லது ஸ்டெபிலைசரோடு நிரப்பிச் சில நிமிடம் ஓட்டி வையுங்கள்.

மகன் விஷயம். இப்போது வேண்டாம். இத்தகைய இயந்திரங்களைச் சிறுவர்களிடம் தரக் கூடாது என்று கையேடுகளே சொல்கின்றன. எனக்குக் கவலை அவன் பலத்தைப் பற்றியல்ல, அடைத்ததும் அணைத்துக் காத்திருக்கும் பொறுமையைப் பற்றித்தான், அது நாற்பது வயதுக்காரர்களுக்கே குறைவு. அவன் வாசற்படியையும் கார்களுக்கு இடையிலான இடுக்கையும் ஷவலால் எடுக்கட்டும், அங்கே இயந்திரமும் நுழையாது. ஷூட் திரும்பும் பக்கத்தில் மட்டும் நிற்கவிடாதீர்கள்.