முதலில் நெகடிவைப் பாருங்கள்: ஃபிலிம் கேமரா கேள்வி-பதில்

வெயிலில் எடுத்த படங்கள் நன்றாக வருகின்றன. வீட்டுக்குள் எடுத்தவை சேறு பூசியதுபோல இருக்கின்றன. 200 ஏஎஸ்ஏ (ஃபிலிம் வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகத்தின் எண்) கலர் ரோல். லேபில் சரியாகக் கழுவவில்லையோ?

நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் எண்களும் அழுத்தமாக இருந்தால் கழுவியதில் பெரும்பாலும் குறை இல்லை. அப்புறம் படத்துக்குள் பாருங்கள். நிழலான இடமெல்லாம் ஓரத்தைப் போலவே வெறும் ஆரஞ்சாக இருக்கிறதா? அங்கே வெளிச்சம் பதியவே இல்லை. இல்லாததை ஸ்கேனர் இழுத்துப் பிரகாசமாக்கப் பார்ப்பதால்தான் அந்தச் சேறும் புள்ளிகளும்.

கலர் நெகடிவ் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்கு), இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால் தாங்காது. 200 ரோலுக்கு கேமராவின் ஏஎஸ்ஏ டயலை 100-ல் வைத்து எடுங்கள். வீட்டுக்குள் என்றால் 400 ரோல் போட்டு, ஆளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். நெகடிவ் இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமில் மட்டும் இப்படிக் கூட்ட வேண்டாம், வெளுத்துவிடும்.

அப்பாவின் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யவில்லை.

பரவாயில்லை. நல்ல வெயிலில் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 16, ஷட்டர் வேகம் ஏஎஸ்ஏ எண்ணுக்குப் பக்கத்தில்: 400 ரோலுக்கு 1/500 நொடி. மேகமூட்டம் என்றால் அபெர்ச்சர் 8. மர நிழலில் 4. சந்தேகம் வந்தால் அபெர்ச்சரை ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்துவிடுங்கள்.

கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவுகிறேன். கான்ட்ராஸ்ட் ரொம்ப அதிகம்.

தண்ணீரின் சூட்டை அளந்தீர்களா? ஹெச்பி5 ஃபிலிமுக்கு, தண்ணீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில் (படத்தைத் தெரியவைக்கும் மருந்து) ஏழரை நிமிடம் என்பது 20 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. கோடையில் நம் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அதில் ஏழரை நிமிடம் வைத்தால் அளவுக்கு மேல் வெந்துவிடும். நேரத்தை மட்டும் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரலாம்.

பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டி போட்டு, மருந்து பாட்டில்களை அதில் நிறுத்துங்கள். ஐஸை மருந்துக்குள் போடாதீர்கள், நீர்த்துப்போகும். ஃபிக்சரையும் (படத்தை நிலைக்கவைக்கும் மருந்து) அலசும் தண்ணீரையும்கூட ஏறக்குறைய அதே சூட்டில் வையுங்கள். ஒரு மே மாதம் டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டு, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் அலசினேன். காய்ந்த ஏரி மண்போல ஃபிலிமின் மேல்பூச்சான எமல்ஷன் முழுக்க மெல்லிய வெடிப்பு. பாட்டியின் கடைசிப் படங்கள் அந்த ரோலில்தான் இருந்தன.

2006-இல் காலாவதியான 200 கலர் ரோல் கிடைத்திருக்கிறது. போடலாமா?

போடலாம், கல்யாணத்துக்கு வேண்டாம். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. அதன்படி ஏறக்குறைய இருபது வருடத்துக்கு இரண்டு ஸ்டாப், டயல் 50. நிறம் எப்படி வரும் என்பது அது வெயிலில் கிடந்ததா, ஃப்ரிட்ஜில் இருந்ததா என்பதைப் பொறுத்தது.

36 படமும் எடுத்தேன். கழுவினால் ரோல் முழுக்க வெறுமை!

ஓர எண்கள் தெரிகின்றனவா? தெரிந்தால், ஃபிலிம் பெரும்பாலும் உள்ளே நகரவே இல்லை. ரோல் போட்டு மூடியதும் ரீவைண்ட் குமிழை மெதுவாகச் சுற்றித் தொய்வை எடுங்கள். பிறகு லிவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லையா, அப்போதே திறந்து மறுபடி மாட்டுங்கள்.