கையிலுள்ள டோக்கனைக் கொண்டு கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ் பைதன் கிளையண்டை இயக்குவது எப்படி?

கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அணுகல் டோக்கன் (கூகுள் தரும் தற்காலிக அனுமதிச் சரம்) ஏற்கெனவே இருக்கிறது, சேவைக் கணக்கின் (நிரல்களுக்கான கூகுள் கணக்கு) ஜேசன் சாவிக் கோப்பு இல்லாமல் கூகுள் கிளவுட் ஸ்டோரேஜின் பைதன் கிளையண்டை இயக்கலாமா? தாராளமாக இயக்கலாம்.

கூகுள்-ஆத் நூலகத்தின் ஓஆத்2 பிரிவில் ‘கிரெடென்ஷியல்ஸ்’ வகுப்பு உண்டு. டோக்கனை அதன் முதல் அளவுருவாகக் கொடுத்து ஒரு பொருளை உருவாக்குங்கள். ஸ்டோரேஜ் கிளையண்டை அழைக்கும்போது அந்தப் பொருளையும் திட்ட அடையாளத்தையும் சேர்த்தே கொடுங்கள்; அந்தப் பொருளில் திட்ட அடையாளம் இராது.

சிக்கல் பிறகுதான் வரும். இயல்பாக டோக்கனின் ஆயுள் 3600 விநாடிகள். புதுப்பிப்பு டோக்கன் (புதிய அணுகல் டோக்கன் பெற உதவும் இன்னொரு டோக்கன்) கொடுக்காததால் நூலகத்தால் அதைப் புதுப்பிக்க முடியாது, ‘ரிஃப்ரெஷ் எரர்’ என்று நின்றுவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பதிவேற்றத்துக்கு இந்த வழியை நம்பவே வேண்டாம்.

நம்மூரில் எளிதாக நேரும் தவறு இன்னொன்று: ‘கிரெடென்ஷியல்ஸ்’ பொருளை உருவாக்கும்போது டோக்கனின் காலாவதி நேரத்தை இலங்கை நேரத்தில் கொடுப்பது. நூலகம் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்றே எடுத்துக்கொள்ளும். 5 மணி 30 நிமிட வித்தியாசத்தால், செத்துப்போன டோக்கனையும் உயிரோடிருப்பதாக நினைத்து அனுப்பும்.

சேவையகத்திலிருந்து 401 என்ற பிழை எண் வந்தால் டோக்கனைப் பாருங்கள்; 403 என்றால் டோக்கன் சரி, அந்தக் கணக்குக்கு அனுமதி போதாது அல்லது டோக்கனின் ஸ்கோப் (அது அனுமதிக்கும் செயல்களின் எல்லை) குறைவு. பொதுக் கணினியில் வேலை செய்தால் டோக்கனை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே இயங்குதளம் வைத்திருக்கும் மதிப்பு) வையுங்கள்.