ஃபுகாஸி: கொள்கையும் இசையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹார்ட்கோர் பங்க் எனும் அதிவேக ராக் இசையிலிருந்து கிளைத்த போஸ்ட்-ஹார்ட்கோர் இசை பற்றிய தங்கள் கட்டுரையில் ஃபுகாஸி என்ற அமெரிக்கக் குழுவைப் பெரிதும் பாராட்டியிருந்தீர்கள். ஆனால் அவர்களைப் பற்றி எங்கே படித்தாலும் ஐந்து டாலர் என்ற மலிவான நுழைவுச்சீட்டும், பெரிய இசைத்தட்டு நிறுவனங்களை மறுத்த கதையும்தான் வருகின்றன. அவர்கள் கொண்டாடப்படுவது இசைக்காகவா, கொள்கைக்காகவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இசைக்காகத்தான் என்பதே என் உறுதியான எண்ணம். அந்தக் கொள்கையும் இசையின் தேவையிலிருந்து பிரிக்க முடியாதது என்று கருதுகிறேன்.

1980இல் வாஷிங்டனில் ஜெஃப் நெல்சனுடன் சேர்ந்து டிஸ்கார்ட் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய இயன் மெக்கை, மைனர் திரெட் என்ற ஹார்ட்கோர் குழுவில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மட்டுமே நீளும் அதிவேகப் பாடல்களைப் பாடியவர். அக்குழு 1983இல் கலைந்தது. வேகமும் அரங்கில் நிகழ்ந்த அடிதடிகளும் பலரைச் சலிப்படையச் செய்த நிலையில், உணர்ச்சியையும் மெட்டையும் முன்னிறுத்திய ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற குழுக்கள் அந்நகரில் தோன்றின. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கிலிருந்து வந்த பாடகர் கீ பிச்சியோட்டோவும் டிரம்ஸ் கலைஞர் பிரெண்டன் கேன்ட்டியும், பேஸ் கிதார் வாசித்த ஜோ லாலியும் பாடிக்கொண்டே கிதார் வாசித்த மெக்கையுடன் இணைந்ததே ஃபுகாஸி. முதல் மேடை 1987 செப்டம்பரில் அமைந்தது.

அவர்களுடைய ‘வெயிட்டிங் ரூம்’ பாடலின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஜமைக்காவின் ரெக்கே, டப் இசைகளின் சாயல் கொண்ட லாலியின் பேஸ் முதலில் தனியாக நடக்கிறது. மற்றவை சேர்ந்து வேகம் பிடித்த உடனேயே எல்லாம் ஒருசேர நின்று, சில கணங்கள் முழு அமைதி நிலவுகிறது. பிச்சியோட்டோவும் கிதார் எடுத்த பிறகு, இரண்டு கிதார்களும் ஒரே சுரக்கோவையை இரட்டித்து ஒலியைப் பெருக்குவதற்கு மாறாக, ஒன்றையொன்று குறுக்கிட்டு வினவுவதும் விடையளிப்பதுமாக நகர்ந்தன. அதற்கு இடம் கிடைத்ததே பேஸும் டிரம்ஸும் பாடலைத் தாங்கி நின்றதால்தான்.

இத்தகைய இசையைச் சண்டைக்கு நடுவே கேட்க முடியாது. கூட்டத்தில் எவரேனும் பிறரைத் தாக்கினால், அவர்கள் பாட்டை நிறுத்திக் கண்டித்ததற்கும், அடங்காதவரிடம் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியதற்கும் இதையும் ஒரு காரணமாகவே நான் காண்கிறேன். எல்லா வயதினரையும் அனுமதிப்பது என்ற அவர்களுடைய விதியை மதுக்கூடங்கள் பலவற்றில் கடைப்பிடிக்க இயலாததால், தேவாலயக் கூடங்களையும் சமூகக் கூடங்களையும் நாடிச் சென்றார்கள்.

ஒலியில் அவர்கள் காட்டிய கண்டிப்பும் அதே அளவினது. 1993இல் வெளிவந்த ‘இன் ஆன் தி கில் டேக்கர்’ தொகுப்புக்காகச் சிகாகோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியுடன் செய்த பதிவு நிறைவளிக்காததால், அதை ஒதுக்கிவிட்டு வாஷிங்டனை ஒட்டிய இன்னர் இயர் ஸ்டுடியோவில் மீண்டும் பதிவு செய்தார்கள்.

முதலில் 1990இன் ‘ரிப்பீட்டர்’ தொகுப்பைக் கேளுங்கள்; பிறகு நேராக, 2001இல் வெளிவந்த கடைசித் தொகுப்பான ‘தி ஆர்க்யுமென்ட்’டுக்குச் செல்லுங்கள். மென்மையான குரல்களும் செலோவும் அதில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆயினும் பேஸ்தான் இன்னமும் முன்னே நடக்கிறது.